பெமிக்கன்: பாரம் குறைந்த சாப்பாட்டின் பாரமான வரலாறு

1888ஆம் ஆண்டு. கிறீன்லாந்தின் உட்பகுதியில் இருக்கிற பெரிய பனிமேட்டை ஆறு பேர் கிழக்கிலிருந்து மேற்காகக் கடந்துகொண்டிருக்கிறார்கள். பனிச்சறுக்குப் பலகைகளும் இழுவை வண்டிகளும்தான் அவர்களுடைய வாகனம். வழியில் ஒருநாள் ஒட்டோ ஸ்வெர்ட்ரப் என்பவர் தலைவர் பிரிட்ஜோவ் நான்செனிடம் ஒரு கேள்வி கேட்கிறார்: சப்பாத்துக்குப் பூசக் கொண்டுவந்த எண்ணெயைக் குடித்தால் உடம்புக்கு ஏதும் செய்யுமா?

பகிடிக்குக் கேட்ட கேள்வி இல்லை அது. அவர்களிடம் சாப்பாடு இருந்தது. ஒவ்வொரு நாளும் காய்ந்த இறைச்சி சாப்பிட்டார்கள், பிஸ்கட் சாப்பிட்டார்கள். வயிறு நிரம்பியது, பசி மட்டும் தீரவில்லை. கொண்டுபோன இறைச்சியில் கொழுப்பு இருக்கவில்லை. நான்சென் அந்தப் பசிக்குக் கொழுப்புப் பசி என்றே பெயர் வைத்தார்.

இண்டைக்கு ஐரோப்பாவிலோ வட அமெரிக்காவிலோ பனிமலைக்குள் நாலைந்து நாள் தங்கிப் போகிற ஆக்களின் முதுகுப்பையைத் திறந்து பார்த்தால், உள்ளே வெந்நீர் ஊற்றினால் சோறாகிற பைக்கற், கச்சான், சொக்லேட், பால்மா, சின்னப் போத்தலில் எண்ணெய் என்று இருக்கும். கடையில் வாங்குகிற நவீனச் சாமான் மாதிரித்தான் தெரியும். ஆனால் அந்தப் பைக்குப் பின்னால் ஒரு நீண்ட வரலாறு இருக்கிறது. அதில் கம்பனிச் சண்டை இருக்கிறது, துருவப் பயணங்கள் இருக்கின்றன, ஒரு மக்கள் கூட்டத்தின் பட்டினியும் இருக்கிறது. அந்த வரலாற்றை பெமிக்கன் என்கிற ஒரே ஒரு சாப்பாட்டின் வழியாகச் சொல்லிப் பார்க்கிறோம்.

முதலில் ஒரு சின்னக் கணக்கு

பாரம் இழுத்துக்கொண்டு பனியில் நடக்கிற ஒருவருக்கு ஒருநாளைக்கு 4,500 கலோரி வேண்டும் என்று வைத்துக்கொள்ளுவோம். அதைச் சோற்றால் மட்டும் எடுப்பதென்றால் ஏறக்குறைய மூன்றரைக் கிலோ சோறு வேணும். பத்து நாளைக்கு 35 கிலோ. ஒருவராலும் தூக்க ஏலாது.

சோறு பாரமாக இருப்பதற்குக் காரணம் அதிலுள்ள தண்ணீர். இறைச்சி, மீன், மரக்கறி எல்லாவற்றுக்கும் இதுதான் நிலைமை. ஆகவே முதல் வேலை தண்ணீரை வெளியேற்றுவது. இரண்டாவது வேலை, ஒரு கிராமுக்குள் கூடிய சக்தியை அடைப்பது. மாப்பொருளும் புரதமும் கிராமுக்கு 4 கலோரி தரும், கொழுப்பு 9 தரும். காய்ந்த இறைச்சியையும் கொழுப்பையும் சம எடையில் கலந்தால் கிராமுக்கு ஆறு கலோரிக்கு மேல் வரும். மூன்றரைக் கிலோ சோற்றின் வேலையை முக்கால் கிலோ செய்துவிடும்.

பனிப் பிரதேசத்தில் இன்னொரு சிக்கலும் உண்டு. சுற்றிவரப் பனிதான், ஆனால் குடிக்கத் தண்ணீர் இல்லை. பனியை உருக்க வேண்டும். ஒரு கிலோ பனியை உருக்குவதற்கு மட்டும் செலவாகிற வெப்பத்தால், ஒரு கிலோ ஐஸ் தண்ணீரை 80 பாகை வரைக்கும் சூடாக்கலாம். ஆகவே கனநேரம் அவிக்க வேண்டிய சாப்பாடு கையில் பாரமில்லை என்றாலும், எரிபொருளின் பாரமாகத் திரும்பி வரும். சமைக்காமலே சாப்பிடலாம் என்றால் அதைவிட நல்லது.

இந்தக் கணக்கை எழுதி விளக்கியவர்கள் விஞ்ஞானிகள். ஆனால் கலோரி என்கிற சொல் பிறப்பதற்கு முன்னமே அதைச் செய்து முடித்தவர்கள் வட அமெரிக்கச் சமவெளியின் பழங்குடி மக்கள்.

கிறீ மொழியில் ஒரு சொல்

பெமிக்கன் கிறீ மொழிச் சொல். அதன் வேர் கொழுப்பைக் குறிக்கிற 'பிமீ'. இறைச்சியை வைத்தல்ல, கொழுப்பை வைத்துத்தான் அந்த மக்கள் இதற்குப் பெயரிட்டார்கள். இந்த விஷயத்தை ஞாபகத்தில் வைத்திருங்கள், பிறகு தேவைப்படும்.

செய்முறை இதுதான். பைசன் எனப்படும் காட்டெருமையின் கொழுப்பில்லாத இறைச்சியை மெல்லிய தகடாக வெட்டி, வெயிலிலோ மெல்லிய நெருப்பின் மேலோ காயவைப்பார்கள். ஐந்து கிலோ இறைச்சி ஒரு கிலோ அளவுக்குச் சுருங்கும். அது மொறுமொறுவென்று ஆனதும் கல்லால் இடித்துத் தூளாக்கி, உருக்கிய கொழுப்பை ஊற்றிக் கிளறுவார்கள். சிலவேளை சஸ்கற்றூன் என்கிற காட்டுப் பழத்தைக் காயவைத்துச் சேர்ப்பதும் உண்டு. சூடாக இருக்கும்போதே காட்டெருமைத் தோல் பைக்குள் இறுக்கி அடைத்துத் தைத்துவிடுவார்கள். ஒரு பை ஏறக்குறைய 40 கிலோ. வருடக் கணக்கில் பழுதாகாது.

பனங்கிழங்கைக் கிழித்துக் காயவிட்டு ஒடியலாக்கி, பிறகு இடித்து மாவாக்கி வைத்த வீடுகளில் வளர்ந்தவர்களுக்கு இதன் முதற்பாதி உடனே விளங்கும். தண்ணீர் போனால் கிருமி வளராது. பிற்பாதிதான் புதிது. உருகிய கொழுப்பு ஒவ்வொரு துணுக்கையும் மூடி, காற்றையும் ஈரத்தையும் தடுத்துவிடுகிறது. அதாவது கொழுப்புத்தான் சக்தி, கொழுப்புத்தான் மூடியும்.

வேட்டை பெரும்பாலும் ஆண்களின் வேலை. வெட்டியது, காயவைத்தது, இடித்தது, உருக்கியது, தைத்தது எல்லாம் பெண்கள். பெமிக்கன் பற்றிப் பிற்காலத்தில் எழுதப்பட்ட பயண நூல்களில் அதைத் தின்ற ஆண்களின் பெயர் இருக்கும். செய்த பெண்களின் பெயரைத் தேடினாலும் கிடைப்பது அரிது.

சாப்பாட்டுக்காக ஒரு சண்டை

18ஆம் நூற்றாண்டின் கடைசியில் கனடாவின் உட்பகுதியில் விலங்குத் தோல் வியாபாரம் சூடு பிடித்தது. ஒரு பக்கம் லண்டனை மையமாகக் கொண்ட ஹட்சன் பே கம்பனி, மறுபக்கம் மொன்ட்றியலை மையமாகக் கொண்ட நோர்த் வெஸ்ட் கம்பனி. வியாபாரம் முழுவதும் வள்ளத்தில்தான். ஆறுகள் உறைவதற்கு முன் ஆயிரக்கணக்கான கிலோமீற்றர் துடுப்புப் போட வேண்டும். நின்று வேட்டையாட நேரமில்லை, வள்ளத்தில் இடமும் இல்லை. பெமிக்கன் இல்லாவிட்டால் வள்ளம் நகராது. அலெக்சாண்டர் மெக்கென்சி 1793இல் பசிபிக் கரையைத் தொட்டபோது அவருடைய ஆக்களின் சாப்பாடும் பெமிக்கன்தான். திரும்பி வரும்போது எடுப்பதற்காக அதை வழியில் நிலத்தில் புதைத்து வைத்துக்கொண்டு போனார்கள்.

இந்தப் பெமிக்கனில் பெரும்பங்கைச் செய்து விற்றவர்கள் மேற்றி மக்கள். பழங்குடிப் பெண்களுக்கும் ஐரோப்பிய வியாபாரிகளுக்கும் பிறந்த குடும்பங்களிலிருந்து உருவான சமூகம் அது. அவர்களுடைய வேட்டை எவ்வளவு பெரியது என்பதற்கு ஒரு எண்: 1840இல் ரெட் ரிவர் பகுதியிலிருந்து புறப்பட்ட ஒரு வேட்டையில் 1,210 வண்டிகள் போயின.

இதே ரெட் ரிவரில் 1812இலிருந்து ஸ்கொட்லாந்துக் குடியேற்றவாசிகள் வந்து இறங்கினார்கள். ஹட்சன் பே கம்பனியின் பெரும் பங்குதாரரான செல்கேர்க் பிரபு ஏற்பாடு செய்த குடியேற்றம். வந்தவர்களும் பாவப்பட்ட ஆக்கள்தான். பயிர் சரியாக வரவில்லை, குளிர்காலத்தில் பட்டினி. 1814 ஜனவரி 8ஆம் திகதி அந்தக் குடியேற்றத்தின் ஆளுநர் மைல்ஸ் மக்டோனல் ஒரு பிரகடனம் போட்டார். ஒரு வருடத்துக்கு இந்தப் பிரதேசத்திலிருந்து பெமிக்கனோ வேறு உணவோ வெளியே போகக்கூடாது. அதே ஆண்டின் நடுப்பகுதியில், குதிரையில் ஏறிக் காட்டெருமையைத் துரத்தவும் தடை வந்தது.

1990களில் வடக்குக்கு எந்தச் சாமான் போகலாம், எது போகக்கூடாது என்று பட்டியல் போட்ட பொருளாதாரத் தடையின் கதைகளைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். ஆகவே இப்படியொரு பிரகடனத்தை மேற்றி மக்கள் எப்படி வாசித்திருப்பார்கள் என்பதை விளக்கத் தேவையில்லை. எழுதியவருக்கு அது பசித்த குடியேற்றவாசிகளைக் காப்பாற்றுகிற ஏற்பாடு. மேற்றி மக்களுக்கு அது, தங்களுடைய நிலத்தில் தாங்கள் செய்த சாப்பாட்டைத் தாங்கள் விற்கக்கூடாது என்று நேற்று வந்தவர் போட்ட கட்டளை.

பெமிக்கன் பைகள் பறிமுதலாயின, கோட்டைகள் மாறி மாறிப் பிடிபட்டன. 1816 ஜூன் 19ஆம் திகதி, குத்பேர்ட் கிறான்ட் தலைமையில் பெமிக்கன் கொண்டுபோன மேற்றிக் குழுவை, ஆளுநர் ரொபேர்ட் செம்பிளும் அவருடைய ஆக்களும் செவன் ஓக்ஸ் என்கிற இடத்தில் மறித்தார்கள். இன்றைய வின்னிபெக் நகரத்துக்குள் இருக்கிறது அந்த இடம். சில நிமிடங்களில் செம்பிள் உட்பட 21 பேர் ஒரு பக்கத்தில் செத்தார்கள், மறுபக்கத்தில் ஒருவர். பிறகு விசாரித்த ஆணையாளர் கோல்ட்மன், முதல் வெடி செம்பிளின் பக்கமிருந்தே வந்தது என்பது ஏறக்குறைய உறுதி என்று எழுதினார். அப்படியிருந்தும் பாடப்புத்தகங்கள் நெடுங்காலம் இதை செவன் ஓக்ஸ் படுகொலை என்றே எழுதின. ஒரு சம்பவத்துக்குச் சண்டை என்று பெயரா, படுகொலை என்று பெயரா என்பதை யார் தீர்மானிக்கிறார்கள் என்பதும் வரலாற்றின் ஒரு பகுதிதான்.

இந்தச் சண்டை துருவப் பயணத்தையும் தொட்டது. 1819இல் ஜோன் பிராங்ளின் ஆர்க்டிக் கரையைத் தேடித் தரைவழியாகப் போனார். இரண்டு கம்பனிகளும் தங்களுக்குள் அடிபட்டுக்கொண்டிருந்ததால் அவருக்குப் போதிய சாமான் கிடைக்கவில்லை. திரும்பி வரும் வழியில் பாறையில் ஒட்டியிருக்கும் பாசியையும் சப்பாத்துத் தோலையும் தின்றார்கள். 11 பேர் செத்தார்கள். கடைசியில் 1821இல் இரண்டு கம்பனிகளும் ஒன்றாக இணைக்கப்பட்டன.

கொழுப்பில்லாத பெமிக்கன்

அதன்பிறகு பெமிக்கன் கடல் கடந்தது. பிரித்தானியக் கடற்படை ஆர்க்டிக் பயணங்களுக்கு அதை எடுத்துக்கொண்டது. ஐரோப்பாவிலேயே மாட்டிறைச்சியில் செய்து தகரத்தில் அடைக்கத் தொடங்கினார்கள். தோல் பை தகரமானது, காட்டெருமை மாடானது, பெயர் மட்டும் கிறீ மொழியிலேயே இருந்தது.

நான்செனின் 1888ஆம் ஆண்டுப் பயணத்துக்கு வருவோம். அவர் பெமிக்கனை கொப்பன்ஹேகனில் செய்வித்தார். பெமிக்கன் என்றால் கொழுப்புச் சேர்த்தது என்று அவர் நினைத்துக்கொண்டார். செய்தவரோ கொழுப்பைக் கவனமாக நீக்கிவிட்டு வெறும் காய்ந்த இறைச்சியைக் கொடுத்திருந்தார். காலம் பிந்தித்தான் விஷயம் தெரிந்தது. சொல் பயணம் போனது, சொல்லின் பொருள் பின்னால் தங்கிவிட்டது. கிறீ மொழி தெரிந்த ஒருவரிடம் பெயரின் அர்த்தத்தைக் கேட்டிருந்தாலே போதும்.

ஒருவருக்குக் கிழமைக்குக் கால் கிலோ அளவு பட்டர்தான் இருந்தது. பனியை உருக்க எரிபொருளும் குறைவு. ஆகவே தட்டையான தகரக் குடுவைகளில் பனியை அடைத்து, நெஞ்சோடு வைத்து உடம்புச் சூட்டில் உருக்கிக் குடித்தார்கள். அந்த ஆறு பேரில் சாமுவேல் பால்டோ, ஒலே ரவ்னா என்ற இருவர் சாமி பழங்குடியினர். பனியில் வாழ்ந்து பழகியவர்கள் என்பதால் சேர்க்கப்பட்டவர்கள். எல்லாரும் உயிரோடு மேற்குக் கரையை அடைந்தார்கள். அதற்குப் பிறகு நான்சென் கொழுப்பு விஷயத்தில் ஒருபோதும் கவனக்குறைவாக இருக்கவில்லை. 1892இல் சுவீடனில் பிறைமஸ் அடுப்பு வந்ததும், வீணாகிற சூட்டில் வெளிச்சட்டியிலுள்ள பனி உருகுகிற மாதிரி ஒரு அடுக்குச் சட்டியைப் பயன்படுத்தினார். நான்சென் குக்கர் என்ற பெயரில் அது துருவம் முழுக்கப் பரவியது.

ஒரு கிலோவுக்குள் ஒரு நாள்

அடுத்த தலைமுறை தென்துருவத்துக்குப் போனது. 1911இன் அந்தாட்டிக்கா குளிர்காலத்தில், ரொபேர்ட் ஸ்கொட்டின் குழுவைச் சேர்ந்த வில்சன், பவர்ஸ், செரி கராட் மூவரும் பென்குவின் முட்டை தேடிப் போன பயணத்தில் ஒரு பரிசோதனையும் செய்தார்கள். ஒருவர் பெமிக்கன் கூடுதலாக, ஒருவர் பட்டர் கூடுதலாக, ஒருவர் பிஸ்கட் கூடுதலாகச் சாப்பிட்டுப் பார்த்தார்கள். பிஸ்கட் கூடுதலாக எடுத்தவருக்குக் கொழுப்பில் ஆசை. பட்டர்காரருக்கோ முழுவதையும் முடிக்க ஏலவில்லை. கடைசியில் மாற்றிக்கொண்டார்கள்.

அதிலிருந்து வந்த ஒருநாள் பங்கு: பிஸ்கட் 450 கிராம், பெமிக்கன் 340 கிராம், சீனி 85 கிராம், பட்டர் 57 கிராம், கொஞ்சம் கொக்கோ, கொஞ்சம் தேயிலை. மொத்தம் ஏறக்குறைய ஒரு கிலோ, ஏறக்குறைய 4,500 கலோரி. பெமிக்கனையும் நொறுக்கிய பிஸ்கட்டையும் பனித் தண்ணீரில் கொதிக்கவைத்துக் கூழ் மாதிரிக் குடித்தார்கள். அதற்கு ஹூஷ் என்று பெயர். ஆனால் வண்டியைத் தாங்களே இழுக்கிற ஆளுக்கு 6,000 கலோரியோ அதற்கு மேலோ வேண்டும் என்பது பின்னாளைய கணிப்பு. ஒவ்வொரு நாளும் உடம்பே மிச்சத்தைக் கொடுத்தது. விற்றமின் சி வேறு இல்லை. விற்றமின் என்கிற சொல்லே 1912இல்தான் பிறந்தது. ஸ்கொட்டும் கூட இருந்தவர்களும் செத்த ஆண்டும் அதுதான். அடுத்த சேமிப்பிடம் ஏறக்குறைய 20 கிலோமீற்றர் தூரத்தில் இருந்தது. தகரங்களிலிருந்து மண்ணெண்ணெய் கசிந்து குறைந்துபோனதும் ஒரு காரணம்.

அமுண்ட்சென் பெமிக்கன், பிஸ்கட், சொக்லேட், பால்மா என்ற நாலோடு போனார். அவருடைய பெமிக்கனில் மரக்கறியும் ஓட்ஸும் சேர்ந்திருந்தன. சேமிப்பிடங்களில் சீல் இறைச்சி வைத்தார். வண்டியை நாய்கள் இழுத்தன. பாரம் குறையக் குறைய நாய்களைக் கொன்று, மிச்ச நாய்களுக்கும் ஆக்களுக்கும் உணவாக்கினார். 52 நாய்கள் போயின, 11 திரும்பின. அவருடைய வெற்றியைத் திட்டமிடலின் வெற்றி என்று எழுதுகிறார்கள். சரிதான். அந்தத் திட்டத்தின் கணக்கில் நாய் வாகனமாகவும் எழுதப்பட்டிருந்தது, சாப்பாடாகவும் எழுதப்பட்டிருந்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

இன்னொருவரையும் சொல்லவேணும். 1912 பெப்ரவரியில் ஸ்கர்வி நோயால் நடக்க முடியாமல் போன எவன்சைக் காப்பாற்ற, டொம் கிறீன் என்ற அயர்லாந்து மாலுமி தனியாக 56 கிலோமீற்றர் நடந்து உதவி கொண்டுவந்தார். கையில் இருந்தது மூன்று பிஸ்கட்டும் இரண்டு துண்டு சொக்லேட்டும்.

காட்டெருமை இல்லாத சமவெளி

பெமிக்கன் தகரத்தில் அடைபட்டுத் துருவங்களுக்குப் போன காலத்தில், அதைக் கண்டுபிடித்தவர்களின் சமவெளியில் என்ன நடந்தது? தோலுக்காகவும் வியாபாரத்துக்காகவும் நடந்த வேட்டையால் 1870களின் முடிவில் கனேடியச் சமவெளியில் காட்டெருமை கிட்டத்தட்ட இல்லாமற்போனது. 1876இல் கையெழுத்தான ஆறாம் ஒப்பந்தத்தில், பஞ்சமோ கொள்ளைநோயோ வந்தால் அரசாங்கம் உதவும் என்ற நிபந்தனையைப் பழங்குடித் தலைவர்கள் கேட்டு வாங்கியிருந்தார்கள். பஞ்சம் வந்தது. அரசாங்கமோ, ஒதுக்கப்பட்ட நிலங்களுக்குள் போகச் சம்மதிக்கும்வரை பல கூட்டங்களுக்குப் பங்கீட்டு உணவைக் கொடுக்காமல் இழுத்தடித்தது. செலவைக் குறைப்பதற்காகப் பட்டினியின் விளிம்புவரைக்கும் உணவு மறுக்கப்படுகிறது என்பதை, பிரதமர் ஜோன் ஏ. மக்டொனால்ட் 1882இல் பாராளுமன்றத்திலேயே சொன்னார், அதுவும் நிர்வாகத்தின் சிக்கனத்துக்குச் சாட்சியாக. வரலாற்றாசிரியர் ஜேம்ஸ் டஷுக் 2013இல் எழுதிய நூல் இதை விரிவாக வெளியே கொண்டுவந்தது.

நான்சென் கொழுப்புப் பசியை அனுபவித்தது 1888இல். அதே பத்தாண்டில், கொழுப்பின் அருமை தெரிந்து அதைப் பெயராகவே வைத்த மக்கள் பங்கீட்டு மாவுக்கு வரிசையில் நின்றார்கள். முதலாவது பசி நூலானது, விரிவுரையானது. இரண்டாவது பசி கணக்குப் புத்தகத்தில் மிச்சம் பிடித்த செலவாகப் பதிவானது.

இன்றைய பைக்கற்

இன்று கடையில் கிடைக்கிற மலையேற்றச் சாப்பாடு பெரும்பாலும் உறைய வைத்து உலர்த்தியது. உணவை உறையவைத்து, காற்றை உறிஞ்சி எடுத்த அறையில் வைத்தால் ஐஸ் உருகாமலே ஆவியாகிப் போய்விடும். வியட்நாம் போரில் அமெரிக்கப் படையின் நீண்டதூர ரோந்துப் பிரிவுகளுக்கு இப்படியான பங்குகள் கொடுக்கப்பட்டன. பிறகு அது மலையேறிகளிடம் வந்தது. இதற்கும் ஒரு முன்னோடி உண்டு. அந்தீஸ் மலையில் உருளைக்கிழங்கை இரவுக் குளிரில் உறையவிட்டு, காலால் மிதித்துத் தண்ணீரைப் பிழிந்து, வெயிலில் காயவைத்துச் செய்கிற சூனியோ. இன்கா அரசின் களஞ்சியங்களில் இருந்தது அது. மெசின் இல்லை, மலையின் இரவும் பகலும்தான் மெசின்.

அனுபவமுள்ள பனிச்சறுக்குப் பயணிகள் அந்தப் பைக்கற்றுக்குள் ஒரு கரண்டி எண்ணெயோ பட்டரோ சேர்ப்பார்கள். தண்ணீரை எடுத்தால் பாரம் குறையும், ஆனால் சக்திக்குக் கொழுப்பு வேணும். கிறீ மொழிச் சொல் சொன்னதும் அதைத்தான்.

பயண வரலாறுகளை வாசிக்கும்போது யார் முதலில் போனார், எந்தத் திகதியில் கொடி நட்டார் என்று மனப்பாடம் பண்ணத்தான் எங்களுக்குப் பழக்கம். இனி அதோடு இன்னும் மூன்று கேள்வியைக் கேட்டுப் பார்க்கலாம். வண்டியில் என்ன சாப்பாடு இருந்தது? அதைச் செய்யும் அறிவு யாரிடமிருந்து வந்தது? அந்த ஆக்கள் அந்த நேரம் என்ன சாப்பிட்டார்கள்? பெமிக்கன் விஷயத்தில் முதலாவது கேள்விக்கு கிராம் கணக்கில் பதில் இருக்கிறது. இரண்டாவதுக்கு ஒரு மொழியின் பெயர் மட்டும் இருக்கிறது. மூன்றாவதுக்கான பதிலைத்தான் ஒரு பாராளுமன்றப் பதிவிலிருந்து தோண்டி எடுக்க வேண்டியிருக்கிறது.